யாருடைய கரை, யாருடைய விருந்து?

ஒரு கடற்கரை விடுதி ஓர் இனத்தின் பண்பாட்டைப் போற்றுகிறது என்று சொல்லும்போது நாம் எதைக் கருதுகிறோம்? சுவரில் தொங்கும் ஓவியத்தையா, மாலையில் ஆடப்படும் நடனத்தையா, உணவு மேசையில் வைக்கப்படும் ஊர்ப் பண்டத்தையா? அல்லது அந்தக் கரையில் அந்த இனத்தவருக்கு இன்று இருக்கும் இடத்தையா?

இக்கேள்வியை என் முன் வைத்தவள் ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகள். கணவனோடும் இரு பிள்ளைகளோடும் ஹவாய்க்குச் சென்று, ஒவாஹு தீவின் மேற்குக் கரையில் கோ ஒலினா என்னுமிடத்தில் டிஸ்னி நிறுவனம் நடத்தும் 'அவுலானி' என்ற குடும்ப விடுதியில் ஐந்து நாள்கள் தங்கித் திரும்பியவள், எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பணியாளர்கள் பிள்ளைகளுக்கு ஹவாய் மொழிச் சொற்களைச் சொல்லிக் கொடுத்ததையும், மாலையில் பழங்கதைகள் கேட்டதையும், ஹூலா நடனத்தின் கையசைவு ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டென்று தன் மகள் கண்டறிந்ததையும் எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு கேள்வி: "மாமா, முல்லைத்தீவிலயும் இப்படி ஒன்றைக் கட்டினால் என்ன? எங்கட கூத்து, எங்கட சாப்பாடு, எங்கட கதை எல்லாத்தையும் பிள்ளையள் வந்து பார்க்கலாமல்லே?"

இரண்டு வரிகளில் மறுமொழி எழுத முயன்றேன். இயலவில்லை. அவளைப் போலவே எண்ணுகின்ற பலர் ஒவ்வோர் ஆடி, ஆவணி மாதத்திலும் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறார்கள் என்பதால், அந்த மறுமொழியை இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த விடுதிக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அவுலானி 2011 ஆகஸ்ட் 29ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர்கள் ஹவாய்ப் பண்பாட்டு அறிஞர்களையும் மூத்தோரையும் அழைத்து ஆலோசனை பெற்றார்கள். உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளைச் சுவர்களில் இடம்பெறச் செய்தார்கள். அங்கே 'ஒலெலோ' என்று பெயரிட்ட ஒரு மதுக்கூடம் உண்டு. ஒலெலோ என்றால் மொழி. அக்கூடத்தில் பொருள்கள் மீது அவற்றின் ஹவாய்ப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பணியாளர்கள் ஹவாய் மொழி பேசுகிறார்கள். புல்லாடை அணிந்த பெண்ணையும் பூமாலையையும் மட்டும் காட்டிப் பணம் பண்ணிய பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால், இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் மொழிக்கு மரியாதை கிடைப்பதற்கு முன்னர் அந்த மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஹவாய் தனி அரசாக இருந்த நாடு. 1893 ஜனவரி 17ஆம் நாள், அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய படையினரின் துணையோடு, வணிகர் குழு ஒன்று லிலியுஓகலானி அரசியை ஆட்சியிலிருந்து இறக்கியது. 1896இல் ஆங்கிலமே பள்ளிகளின் போதனா மொழி என்று சட்டம் வந்தது. 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1959இல் ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாநிலமாயிற்று. ஹூலாவின் கதையும் இத்தகையதே. 1830இல், பாதிரிமாரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்த அரசி கஅஹுமனு அதைப் பொதுவில் ஆடக்கூடாதென்று தடுத்தார். 1874இல் அரியணை ஏறிய கலாகௌவா மன்னரே அதை மீண்டும் அவையேற்றினார்.

இவ்வளவுக்கும் பிறகு அம்மொழி எப்படிப் பிழைத்தது? விடுதிகளால் அன்று. 1970களில் அம்மக்களிடையே ஓர் எழுச்சி தோன்றியது. 'ஹொக்குலேயா' என்ற இரட்டைத் தோணியை அவர்கள் கட்டி, 1976இல் திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, விண்மீன்களையும் அலைகளையும் மட்டுமே பார்த்து டஹிட்டி வரை செலுத்தினார்கள். அந்தக் கடலறிவு அவர்களிடையே அற்றுப்போயிருந்தது. மைக்ரோனேசியாவின் சட்டவல் தீவைச் சேர்ந்த மவ் பியாய்லுக் என்ற மாலுமியே வழிகாட்டினார். 1978இல் மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. 1984இல் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து தாய்மொழிப் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'குரல்களின் கூடு'. அந்தக் கூட்டில் வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்ததனாலேயே, 2011இல் ஒரு பெரு நிறுவனம் ஹவாய் மொழி பேசும் பணியாளர்களைத் தேடியபோது அவர்கள் கிடைத்தார்கள். பண்பாடு முதலில் மீண்டது. விடுதி பின்னால் வந்தது.

நம் கடலுக்கும் இத்தகைய கதை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், வல்வை மாலுமிகளோடு கடல்கள் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஹொக்குலேயாவின் பெயரைக் கனடாவில் வளரும் நம் பிள்ளைகள் அறிவார்கள். அன்னபூரணியின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? இது பிள்ளைகளின் குற்றமன்று.

இனி நம் கரைக்கு வருவோம்.

நான் பிறந்து வளர்ந்த நெளுக்குளத்தில் கடல் இல்லை. வவுனியா நகருக்கு அண்மையில் உள்ள எங்கள் ஊர், பெயருக்கேற்பக் குளத்தையும் வயலையும் நம்பிய ஊர். எனவே கடற்கரை மக்களின் சார்பில் பேச எனக்கு உரிமை உண்டென்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாளனாக அந்தக் கரைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். 2009இல் அந்தக் கரைகளிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் வவுனியாவின் பள்ளிக்கூடங்களிலும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலும் அடைக்கப்பட்டதை அருகிருந்து கண்டவர்கள் நாங்கள். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தனர். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது.

போர் முடிந்த பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் விடுதிகள் எழத் தொடங்கின. பாசிக்குடா அவற்றுள் முதன்மையானது. 1970களிலேயே உல்லாசப் பயணிகள் நாடி வந்த இடம் அது. போரும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளும் அதைப் பாழாக்கின. 2011 தொடக்கம் அங்கே அடுத்தடுத்து விடுதிகள் கட்டப்பட்டன. முதலில் எழுந்தவற்றுள் ஒன்றுக்கு 'மாலு மாலு' என்று பெயர். சிங்களத்தில் 'மீன், மீன்' என்று பொருள். பாசி, குடா என்ற இரு தமிழ்ச் சொற்களால் அமைந்த ஊரின் கரையில், பெயரும் மீனவரை நினைவூட்டுகிறது. ஆனால் வேறொரு மொழியில். சிங்களம் இந்நாட்டின் மொழி. அதில் பெயர் வைப்பது தவறன்று. ஆயினும், அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீனைக் கூவி விற்ற மொழி எது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

வேறொரு வகை விடுதிகளும் உண்டு. போருக்குப் பின் காங்கேசன்துறையில் இராணுவம் 'தல்செவன' என்ற விடுதியை நடத்தத் தொடங்கியது. தல்செவன என்றால் பனையின் நிழல். 1990 ஜூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்கள் நலன்புரி முகாம்களின் தகரக் கூரைகளின் கீழ் தம் காணிகளுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில், அவர்களது ஊரின் பனை நிழலில் தென்னிலங்கைப் பயணிகள் இளைப்பாறினார்கள். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கடற்படை விடுதியாக்கியது. 1971 கிளர்ச்சியின்போது ரோகண விஜேவீர அடைக்கப்பட்டிருந்த சிறை அது. 2012இல் முல்லைத்தீவில், நந்திக்கடலின் ஓரத்தில், 'களப்பின் விளிம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு இராணுவம் மற்றொரு விடுதியைத் திறந்தது.

அதே 2012ஐ நினைத்துப் பாருங்கள். அதே நந்திக்கடலின் கரையிலுள்ள கேப்பாப்பிலவு மக்கள் மெனிக் பாமிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் தம் ஊருக்கு அனுப்பப்படவில்லை. காட்டை வெட்டி அமைத்த 'மாதிரிக் கிராமம்' ஒன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களது காணியில் படைமுகாம் இருந்தது. 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் அமர்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் இருந்த பின், மார்ச் முதலாம் நாள் அவர்களுடைய நிலம் மட்டும் விடப்பட்டது. களப்பின் விளிம்பில் பயணிக்கு அறை கிடைத்தது. களப்பின் பிள்ளைகளுக்கு அங்கே குடிசை போட இடம் கிடைக்கவில்லை. இதை விருந்தோம்பல் என்று எந்த அகராதியில் எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோடு கிழக்குக் கரையில் ஒரு பெரிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை அந்த ஒரு விடுதியுடையது மட்டுமன்று. கூரை ஓலையால் வேயப்பட்டிருந்தது. முன்றிலில் வர்ணம் பூசிய பழைய வள்ளம் ஒன்று அழகுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. உணவுப் பட்டியலில் ஆங்கிலமும் சிங்களமும் இருந்தன, தமிழ் இல்லை. தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த இளைஞன் பக்கத்து ஊரவன். தன் தகப்பன் முன்பு அந்த இடத்தில்தான் வாடி போட்டிருந்தார் என்றும், இப்போது மதிலைச் சுற்றி நெடுந்தூரம் நடந்தே கடலுக்குப் போகிறார் என்றும் அவன் சொன்னான். "வேலை கிடைச்சது ஐயா, அது போதும்" என்றும் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. முன்றிலில் நின்ற வள்ளத்தை மறுநாள் காலையில் என்னால் அழகென்று பார்க்க முடியவில்லை.

ஆகவே, ஒரு விடுதி ஒரு பண்பாட்டைப் போற்றுகிறதா என்பதை அறிய நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன்.

முதற் கேள்வி காணி பற்றியது. விடுதி நிற்கும் நிலத்துக்கு உரியவர் விரும்பிக் கொடுத்தாரா, அல்லது அவர் வர முடியாத காலத்தில் அது எடுக்கப்பட்டதா? அவுலானியும் இக்கேள்வியை எளிதில் கடந்துவிட முடியாது. 1993 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அரசியை வீழ்த்தியமைக்காக ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அத்தீர்மானத்தால் ஒரு காணியும் திரும்பவில்லை. அவுலானி இருக்கும் அதே மேற்குக் கரையில், வையனாயே படகுத்துறைக்கு அருகில், வீடற்ற மக்கள் ஆண்டுக்கணக்காகக் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். அவர்களுட் பலர் அத்தீவுகளின் பூர்வீகக் குடிகள். 2020 குடிசனக் கணக்கெடுப்பின்படி பூர்வீக ஹவாய் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று ஹவாய்க்கு வெளியே, அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்கிறார்கள். வாழ்க்கைச் செலவு அவர்களைத் துரத்திற்று. தன் ஊரில் தங்குவதற்குப் பணம் போதாமல் வெளியேறியவனின் பண்பாட்டை, பணமுள்ள விருந்தினன் அங்கே தங்கிச் சுவைக்கிறான். ஹானானி கே ட்ராஸ்க் என்ற ஹவாய்ப் பேராசிரியை வாழ்நாளெல்லாம் சுற்றுலாத்துறையைச் சாடியது இதனாலேயே. 2021இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

இரண்டாம் கேள்வி கரை பற்றியது. ஊரவன் கடலுக்குப் போக வழி உண்டா? ஹவாயில் கடற்கரை பொதுச் சொத்து. எந்த விடுதியின் முன்னாலும் எவரும் துணி விரித்து அமரலாம். நம் நாட்டிலும் கரை அரசுக்குரியது. சட்டப்படி எவரும் தடுக்க முடியாது. ஆனால் கரைக்குப் போகும் ஒழுங்கையை மதில் கட்டி மறித்தால் அந்தச் சட்டத்தால் யாருக்குப் பயன்? கரைவலைத் தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும்: வலையை இழுக்க நீண்ட மணற்பரப்பு வேண்டும், வள்ளம் ஏற்ற இடம் வேண்டும், கருவாடு காயவைக்க வெளி வேண்டும். ஒரு சம்மாட்டியின் பாட்டுக்குப் பின்னால் பல குடும்பங்களின் அடுப்பு இருக்கிறது. மணல் போனால் தொழில் போகும். தொழில் போனால், வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டும் போகும். பிறகு அதே அம்பாவை மேடையில் பாட ஆள் தேடுவோம்.

மூன்றாம் கேள்வி மொழி பற்றியது. விருந்தினரை வரவேற்பவர், கணக்கு வைப்பவர், முடிவு எடுப்பவர் யார்? புல் வெட்டுபவனும் துணி துவைப்பவளும் மட்டுமே ஊரவராக இருந்தால், அங்கே பண்பாடு வேலைக்காரனாகத்தான் இருக்கிறது. அவுலானியின் மதுக்கூடத்தில் மொழிக்குக் கொடுத்த இடத்தையாவது நம் கரையின் விடுதிகள் தமிழுக்குக் கொடுத்திருக்கின்றனவா? தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. உணவுப் பட்டியலில் தமிழ் வேண்டும் என்று கேட்க நான் இனவாதியாக இருக்க வேண்டியதில்லை. பசித்தவனாக இருந்தால் போதும்.

நான்காம் கேள்வி கதை பற்றியது. அந்த மண்ணின் கதையை யார் சொல்கிறார்கள்? வவுனியாவிலிருந்து நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குப் போகும்போது ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடு வரும். வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கிகளைக் கைப்பற்றியவன். அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் தளபதி வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று அங்கே ஒரு கல் நடப்பட்டது. அது வென்றவனின் பக்கத்துக் கல். நம் அரசனைப் பற்றி நமக்குக் கிடைத்த கல்லும் அவனை வென்றவனின் பெருமையைத்தான் பேசியது.

போருக்குப் பின்னரும் இதுவே நடந்தது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோர்க்குப் புதுக்குடியிருப்புப் பகுதியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலக்கீழ் வீட்டைப் படையினர் காட்டினார்கள். 2013 ஒக்ரோபரில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதைக் காட்டுவது, எப்போது அழிப்பது என்ற இரண்டையும் அவர்களே முடிவு செய்தார்கள். முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் மே 18இல் ஒரு விளக்கேற்றவும் தயங்க வேண்டியிருந்த ஆண்டுகள் அவை. அந்த மணலுக்குச் சில கல் தொலைவில் கட்டப்படும் எந்த விடுதியும், அங்கே நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், சூரியோதயத்தை மட்டும் விற்குமானால், அது பண்பாட்டைப் போற்றும் விடுதியாகாது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. அது 'இல்லை' என்று சொல்லும் உரிமை.

ஹவாயின் கஹோஒலவே என்ற சிறு தீவை 1941 முதல் அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 1976இல் ஒன்பது பேர் தடையை மீறிப் படகில் சென்று அங்கே இறங்கினார்கள். மறு ஆண்டு இருவர் அந்தக் கடலில் காணாமற் போனார்கள். போராட்டம் தொடர்ந்தது. 1990இல் குண்டுவீச்சு நின்றது. 1994இல் தீவு மாநிலத்திடம் திரும்பியது. இன்று அத்தீவில் வணிகம் எதுவும் நடத்தக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. வழிபாட்டுக்கும் பண்பாட்டுக்கும் வாழ்வாதாரத் தேவைக்கும் மட்டுமே அது உரியது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அங்கே ஒரு விடுதி எழாது. ஹவாய்ப் பண்பாட்டைப் போற்றும் இடம் எது என்று கேட்டால், நான் அந்த விடுதியற்ற தீவையே முதலில் சுட்டுவேன்.

நம்மிடமும் அப்படியொரு தீவு உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவில் உள்ள இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்த மக்கள் முழங்காவில் பகுதியில் இரணைமாதா நகரில் தங்கியிருந்தார்கள். தீவில் கடற்படை நிலைகொண்டது. 2017 மே மாதம் தொடங்கிய கவனயீர்ப்புப் போராட்டம் ஓராண்டை எட்டும் தறுவாயில், 2018 ஏப்ரல் 23ஆம் நாள், வெள்ளைக் கொடிகளோடு படகுகளில் புறப்பட்டுத் தம் தீவில் தாமே இறங்கினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின் பாழடைந்த தம் கோவிலில் மன்றாடினார்கள். பிறகு அங்கிருந்து அசையவில்லை. கஹோஒலவேயைப் பற்றி அவர்களுள் எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிலத்தைப் பிரிந்தவர்கள் கடல்வழியே திரும்பும் அறிவை யாரும் யாருக்கும் கற்பிக்கத் தேவையில்லை போலும்.

அதேபோல எதை விருந்தினர்க்குக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமையும் ஊரவர்க்கே உரியது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பின் வற்றாப்பளையில் பொங்கல் நிகழும். உலகில் எங்கிருந்து வருவோரும் பக்தியோடு வந்து காணலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் உப்புநீர் விளக்கை இரவு உணவுக்கு முந்திய காட்சியாக ஒரு விடுதியின் முற்றத்தில் ஏற்றினால், அது விளக்காக இராது, வித்தையாகிவிடும். கோவலன் கூத்தின் நிலை வேறு. முல்லைமோடியில் அதை ஆடும் அண்ணாவிமார் தம் விருப்பத்தோடு, தமக்குரிய ஊதியத்தோடு, விருந்தினர் முன் ஆடலாம். ஆட வேண்டும் என்றே சொல்வேன். எது விளக்கு, எது கூத்து என்ற வேறுபாட்டை ஊரவரே அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் கட்டும் விடுதிக்கு அது தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, நான் சுற்றுலாவின் எதிரி என்று எவரும் எண்ண வேண்டாம். பட்டினியைப் பண்பாடு என்று புகழும் பழக்கம் எனக்கில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் கிளிநொச்சி, 18.2 வீதம். முல்லைத்தீவு 12.7 வீதம். நாட்டின் சராசரியோ 4.1 வீதம். அதன்பின் வந்த 2022 பொருளாதார நெருக்கடி யாரை எப்படித் தாக்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2024இல் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் வன்னிக் கரையில் இரண்டு நாள் தங்கினாலும் பல வீடுகளில் அடுப்பு எரியும். புல் வெட்டிய அந்த இளைஞன் "அது போதும்" என்றதை நான் இகழ மாட்டேன். அவனுக்கு அது போதாது என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

என்ன செய்யலாம்? பெரிய கட்டடம் வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு சங்கம் தன் ஊரில் பத்து அறைகளைக் கட்டி நடத்த முடியும். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் வன்னியில் பல்லாயிரவர். அவர்களது சமையலில் ஒடியற்கூழும் மீன்சொதியும் புட்டும் எந்த நட்சத்திர விடுதியிலும் கிடைக்காத சுவையோடு கிடைக்கும். விடியற்காலையில் கரைவலை இழுப்பதை விருந்தினன் பார்க்கட்டும். விரும்பினால் அவனும் ஒரு கை கொடுக்கட்டும். சங்கத்தின் சுவரில் ஊரின் வரலாறு மூன்று மொழிகளிலும் எழுதப்படட்டும், இடம்பெயர்ந்த ஆண்டும் திரும்பிய ஆண்டும் திரும்பாதவர்களின் தொகையும் உட்பட. சிங்கள விருந்தினரும் வந்து அதைப் படிக்கட்டும். அவர்களோடு நமக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. உணவு மேசை அதற்கு நல்ல இடம்.

இதற்கு முதல் தேவை காணி உறுதி. 2025 மார்ச் 28ஆம் நாள் வெளியான வர்த்தமானி ஒன்று வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வர வேண்டும் என்றது. போரில் உறுதிகளை இழந்தவர்களும், கடல் கடந்து வாழ்பவர்களும், இறந்தவர்களின் வாரிசுகளும் மூன்று மாதத்துள் எதைக் கொண்டு முன்வருவார்கள்? கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வர்த்தமானி மீளப் பெறப்பட்டது. ஆனால் அதனால் வந்த அச்சம் மீளப் பெறப்படவில்லை. தன் காணி நாளை தன்னுடையதாக இருக்குமா என்று தெரியாதவன் பத்து அறை கட்டத் துணிய மாட்டான். வெளியிலிருந்து ஒரு பெரு முதலாளி வந்தால், கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போவான்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் விடுமுறைக்கு வருகிறீர்கள். உங்களிடம் பணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, கேள்வி கேட்கும் துணிவு இருக்கிறது. அறையைப் பதிவு செய்யும் முன் கேளுங்கள்: இந்தக் காணி யாருடையது? ஊரவர் கரைக்குப் போக வழி எங்கே? இங்கே தமிழில் பேசுபவர் பொறுப்பான பதவியில் இருக்கிறாரா? இந்த இடத்தின் கதையை இங்கே யார் சொல்கிறார்? மறுமொழி திருப்தி தராவிட்டால் பணத்தை வேறிடத்தில் செலவிடுங்கள். முதலீடு செய்ய விரும்புவோர் காணி வாங்குவதற்கு முன் அந்த ஊர்ச் சங்கத்திடம் போய் அமருங்கள். பங்காளராகச் செல்லுங்கள், முதலாளியாகச் செல்லாதீர்கள். தெற்கிலிருந்து வருபவர் மதில் கட்டினால் ஆக்கிரமிப்பு, ரொறன்ரோவிலிருந்து வருபவர் கட்டினால் அபிவிருத்தி என்று கடலுக்குப் போகும் மீனவன் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு மதிலையும் அவன் சுற்றித்தான் நடக்க வேண்டும். முல்லைத்தீவில் விடுதி கட்டலாம். கட்டுவதற்கு முன் அந்த மனிதனுக்குக் கடலுக்கு வழி விடுங்கள்.